புரட்டாசி முடியட்டும் என்று வைத்திருந்த சேவல்

போன வருடம் சித்திரைக் கடைசியில் 15 கோழிக்குஞ்சு வாங்கினேன். எங்களுக்கு வடமதுரைப் பக்கம் வீடு. பின்னால் எட்டு சென்ட் இடம் கிடக்கிறது. ஒரு முருங்கை, இரண்டு தென்னை, துணி துவைக்கிற கல், அவ்வளவுதான். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் 20 நாள் வெளியூர்தான். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அத்தைக்கு 68 வயது, முழங்கால் வலி. பாப்பா யூ.கே.ஜி. முட்டை வீட்டிலேயே கிடைத்தால் பிள்ளைக்கு நல்லது, அத்தைக்கும் பொழுது போகும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். வண்டியில் கூடை கட்டிக்கொண்டு வந்தவரிடம் ஒரு மாதக் குஞ்சு, நல்ல சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி), ஒன்று 90 ரூபாய் என்று 1,350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "முக்காவாசி பெட்டைதான்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நம்பினேன். முட்டையில் பொரிவது பாதிக்குப் பாதி சேவலாகத்தான் இருக்கும், பெட்டையை மட்டும் பொறுக்கி யாரும் தெருவில் விற்க மாட்டார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. காக்காய் ஒன்றைத் தூக்கியது, ஒன்று தானாகச் செத்தது. மிச்சம் 13. அதில் ஏழு சேவல், ஆறு பெட்டை. இந்தக் கணக்கு தெரியவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

வாங்கின மூன்றாம் நாளே இன்னொரு குஞ்சையும் காக்காய் கொத்தித் தூக்கி, பாதியில் போட்டுவிட்டுப் போனது. முதுகில் காயம், நிற்க முடியவில்லை. பாப்பா அழுத அழுகையில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து அட்டைப் பெட்டியில் வைத்தோம். குண்டு பல்பு போட்டு, அவித்த மஞ்சள் கருவை உதிர்த்து, குருணையை ஊறவைத்துக் கையாலேயே ஊட்டினோம். ஐந்து வாரம் அது அடுப்படியில்தான் இருந்தது. பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடியில் வைத்துக்கொள்வாள். முத்து என்று பேர் வைத்தாள். அதுவும் அவள் குரலைக் கேட்டால் கீச்சுக் கீச்சென்று பெட்டிக்குள் குதிக்கும். குணமாகி வெளியே விட்ட பிறகும் அது மற்ற குஞ்சுகளோடு சேரவே இல்லை. எங்கள் காலைச் சுற்றியே வரும். "பாரு, நாய்க்குட்டி மாதிரி பின்னாலயே வருது" என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

அங்கேதான் தப்பு விழுந்தது. குஞ்சைக் காப்பாற்றியது தப்பில்லை. ஆனால் தன் இனத்தோடு வளராமல் மனுஷர் கையில் தனியாக வளரும் சேவல் குஞ்சு, நம்மையே தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. பருவத்துக்கு வந்ததும் தன் கூட்டத்தில் யார் பெரியவர் என்று பார்க்கும், இல்லையா? மற்ற சேவல்கள் ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்ளும். இது நம்மோடு மோதும். மனுஷரைப் பார்த்து ஒதுங்கிப் போகிற பயம் மற்ற குஞ்சுகளுக்கு இருக்கிறது, இதற்கு அது வளரவே இல்லை. குஞ்சு அடிபட்டால் உள்ளே எடுத்து வையுங்கள். ஆனால் கூடவே இன்னும் இரண்டு குஞ்சைப் போட்டு வையுங்கள். நடக்க ஆரம்பித்த அன்றைக்கே கூட்டத்தோடு விட்டுவிடுங்கள். சேவல் என்று தெரிந்தால் மடியில் வைத்துக் கொஞ்சுவதை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான். நானும் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ, ஆனால் தெரிந்திருக்கவாவது வேண்டும்.

ஆடி மாதம் முதல் கூவல் கேட்டது. கூவல் என்று சொல்ல முடியாது, தொண்டை கட்டினவர் கத்துவது போல ஒரு சத்தம். பாப்பா கைதட்டினாள். ஒரு வாரத்தில் நாலு பேர் கூவினார்கள், அடுத்த வாரம் ஏழு பேர். அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். இப்போது கூவலுக்கெல்லாம் காத்திருப்பதில்லை. இரண்டு மாதத்திலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். சேவல் குஞ்சுக்குக் கொண்டை முதலில் சிவக்கும், கால் பருமனாக இருக்கும், நிமிர்ந்து நிற்கும். மூன்று மாதத்தில் சந்தேகமே வேண்டாம். கழுத்து இறகும் வாலுக்கு முன்னால் இடுப்பில் தொங்குகிற இறகும் சேவலுக்கு நீண்டு, நுனி ஊசியாக, எண்ணெய் தடவினது போல மினுங்கும். பெட்டைக்கு அதே இடத்தில் இறகு நுனி உருண்டையாக இருக்கும். ஒரு இறகைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆவணியில் பின்கட்டு போர்க்களம் ஆனது. ஏழு சேவலும் ஒரே நேரத்தில் பருவத்துக்கு வந்துவிட்டன, பெட்டைகள் இன்னும் முட்டைக்கு வரவில்லை. கூடப் பிறந்த பெட்டையைவிடச் சேவல் முன்னதாகப் பருவத்துக்கு வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. ஆறு விடைக்கோழியை ஏழு சேவல் துரத்துவதைப் பார்க்கவே சகிக்காது. ஒன்று மிதித்து இறங்கும் முன் இன்னொன்று ஏறும். கழுத்து இறகைக் கொத்திப் பிடித்துத் தொங்கும். பெட்டைகள் தீனிக்குக்கூட வெளியே வரப் பயந்து துவைக்கிற கல்லுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தன. ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தேன். முதுகில் இறகே இல்லை, உரித்த தோல் மாதிரி சிவந்து, இறக்கை மடிப்புக்குக் கீழே தோல் இரண்டு விரல்கடை கிழிந்து கிடந்தது. மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவி, பஞ்சாரத்தைக் கவிழ்த்துத் தனியாக வைத்தேன். அதற்குள்ளாகவே ஈ மொய்த்திருக்கிறது. இரண்டு நாளில் புழு வைத்துச் செத்துப்போனது. இன்னொரு பெட்டை ராத்திரி கூட்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏற ஆரம்பித்தது. கூட்டுக்குள் ஏழு சேவல் இருக்கும்போது அது வேறு என்ன செய்யும்? ஒரு நாள் விடிகாலையில் மரத்தடியில் இறகுதான் கிடந்தது. காட்டுப்பூனை வேலை.

கால்நடை மருத்துவரிடம் போய்க் கேட்டேன். எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும் என்றார். முட்டை வேண்டும் என்றால் சேவலே வேண்டாம், குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் சேவல் தேவை என்றும் சொன்னார். அதுவே எனக்குப் புதுச் செய்தி. சேவல் இல்லாமல் கோழி முட்டையிடாது என்றுதான் இத்தனை வயது வரைக்கும் நினைத்திருந்தேன். "அதிகப்படிச் சேவலை உடனே கழிச்சு விடுங்கம்மா" என்று அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

கேட்கவில்லை. ஏன் என்று மறைக்காமல் சொல்கிறேன். அன்றைக்குப் புரட்டாசி பிறக்க நாலு நாள். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது, சேவல் விலை படுத்துவிடும். எங்களுக்குப் பக்கத்தில் அய்யலூரில் வியாழக்கிழமை சந்தை, ஆடு கோழிக்குப் பேர்போன சந்தை. அங்கே விசாரித்தால் உயிர் எடை கிலோ 350 என்றார்கள். தீபாவளிக்கு முந்தின சந்தையில் 500 போகும் என்றார்கள். ஒரு சேவலை வைத்துக்கொண்டு ஆறை விற்பது என்று முடிவு. ஆறும் சேர்ந்து ஒன்பது கிலோ வரும், கிலோவுக்கு 150 கூடுதல், 1,350 ரூபாய். குஞ்சு வாங்கின காசு அப்படியே திரும்பி வந்த மாதிரி ஆயிற்று. புரட்டாசி முடியட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

முத்து முதலில் செருப்பைத்தான் கொத்தியது. அத்தையின் நீல ரப்பர் செருப்பு. அவர் குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் பின்னாலேயே வந்து செருப்பின் வாரைக் கொத்தும். விளையாடுகிறது என்று சிரித்தோம். அப்புறம் ஒரு நடை நடக்க ஆரம்பித்தது. ஒரு பக்க இறக்கையை மண்ணில் உரசுகிற மாதிரி தாழ்த்தி, உடம்பைச் சாய்த்து, கோணலாக நம்மைச் சுற்றி அடி வைக்கும். எதிரே நின்று, இரை இல்லாத மண்ணைக் கொத்தும், ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். கழுத்து இறகு குடை மாதிரி விரிந்தால் அடுத்தது பாய்ச்சல்தான். இந்தச் சின்ன வயது சேவல் திடீரென்று பாய்வதில்லை. இரண்டு மூன்று வாரம் இதையெல்லாம் காட்டிவிட்டுத்தான் பாய்கிறது. பெட்டையிடம் காட்டும் ஆட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால் நமக்குப் பிடிபடுவதில்லை. அது யாரைச் சுற்றி ஆடுகிறது என்பதைப் பாருங்கள். உங்களைச் சுற்றி ஆடினால் அன்றைக்கே எச்சரிக்கையாகிவிடுங்கள். முக்கியமாக, அதற்கு முதுகைக் காட்டாதீர்கள். முத்து பாய்ந்ததெல்லாம் நாங்கள் குனிந்தபோது அல்லது திரும்பினபோதுதான்.

புரட்டாசி முதல் வாரத்தில் அத்தை துணி எடுக்கக் குனிந்தபோது கையில் கொத்தி ரத்தம் வரவைத்தது. அவர் பயந்து விழுந்திருந்தால் அந்த முழங்காலோடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறி, விளக்குமாற்றை எடுத்து நாலு வைத்தேன். ஓடிப் போய்த் தென்னைமரத்தடியில் நின்று கூவியது. மறுநாள் நான் விளக்குமாற்றை எடுத்ததுமே பாய்ந்து வந்தது. அப்புறம் உதைத்தும் பார்த்தேன், தண்ணீரை வீசியும் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அதன் ஆவேசம் கூடியதே தவிரக் குறையவில்லை. இப்போது யோசித்தால் புரிகிறது. அடித்தால் அது தண்டனை என்று அதற்குத் தெரியாது, சண்டைக்கு வா என்று கூப்பிட்டதாகத்தான் எடுத்துக்கொள்ளும். நானும் அடித்துவிட்டுக் கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன். அதாவது ஒவ்வொரு முறையும் அதுவே ஜெயித்தது.

அடுத்து என் கால். ஒரு சனிக்கிழமை தீனி வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து எம்பி, முழங்காலுக்குக் கீழே ஆடுசதையில் இரண்டு காலாலும் அடித்தது. அதற்கு ஐந்தரை மாதம். சேவலுக்குக் காலின் பின்பக்கம் வளர்கிற முள் அப்போது மிளகு அளவுதான் புடைத்திருந்தது. அதனால்தான் நான் அலட்சியமாக இருந்தேன், முள் வளர்ந்தால்தானே ஆபத்து என்று. கிழித்தது முள் இல்லை, நகம். வெளியே பார்த்தால் பேனா முனை அளவு இரண்டு ஓட்டை, உள்ளே ஆழம். மஞ்சளை அப்பிவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் கால் வீங்கி, காய்ச்சல் வந்து, மிஷின் பெடலை மிதிக்க முடியவில்லை. டாக்டர் திட்டினார். குத்துக்காயம்தான் வெட்டுக்காயத்தைவிட மோசம், மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும் என்றார். கோழி கீறினால் உடனே குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், மஞ்சளும் காப்பித்தூளும் அப்பக் கூடாது, அன்றைக்கே டி.டி. ஊசி பற்றிக் கேட்க வேண்டும். கோழி கால் எந்தக் குப்பையில் எல்லாம் இருந்து வருகிறது என்று நமக்கே தெரியும். பக்கத்து வீட்டில் நாய்க்கடி ஊசி போடச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். வெறிநோய் பாலூட்டிகளிடமிருந்துதான் வரும், கோழி மூலம் வராது, அந்தப் பயம் வேண்டாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஊசி, மாத்திரை, பரிசோதனை எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். அதைவிடப் பெரிய அடி, ஒன்பது நாள் மிஷினில் உட்கார முடியாமல் போனது. தீபாவளிக்கு எடுத்திருந்த ஜாக்கெட் துணியில் 23ஐத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றுக்கு 250 கூலி, 5,750 ரூபாய். வருஷாவருஷம் என்னிடமே தைக்கிறவர்கள் துணிப் பையை வாங்கிக்கொண்டு படி இறங்கிப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

இதற்குப் பிறகாவது அதை அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் பாப்பா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளை மட்டும் அது அதுவரை ஒன்றும் செய்ததில்லை. தீபாவளிக்கும் மூன்று வாரம்தான் பாக்கி. சரி, காலில் கயிறு போட்டுக் கட்டிவைப்போம் என்று தென்னைமரத்தில் கட்டினேன். தீனியும் தண்ணீரும் அங்கேயே. இது என் இரண்டாவது பெரிய தப்பு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பிறகு வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தாயி, கட்டுக்கு வளக்குறவன் செய்ற வேலைய நீ ஏன் செஞ்ச? தனியாக் கட்டிப்போட்டுத் தனித் தீனி போட்டா எந்தச் சேவலும் வெறி பிடிச்சுத்தான் நிக்கும்." உண்மைதான். கட்டுச்சேவலை, அதாவது சண்டைக்கு விடுகிற சேவலை, கூட்டத்தோடு விடாமல் ஒவ்வொன்றாகக் கட்டித்தான் வளர்க்கிறார்கள். இன்னொன்றும் சொன்னார். சண்டைக்கே பேர்போன பெருவிடை என்கிற பெரிய சாதிகூடச் சேவலோடுதான் மல்லுக்கு நிற்குமாம், வளர்த்தவர் கையில் பூனைக்குட்டி போல அடங்கி உட்காருமாம். "இது சாதி இல்ல தாயி, வளப்பு." அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் வலிக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

கட்டின ஆறாம் நாள் சாயங்காலம் நான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை படுத்திருந்தார். பாப்பா பின்கட்டுக் கதவைத் திறந்து போனதைக் கவனிக்கவில்லை. "முத்து பாவம், அதான் பிஸ்கட் குடுக்கப் போனேன்" என்று பிறகு சொன்னாள். கயிறு எட்டாத தூரம் என்று அவளுக்கு நான் கோடு போட்டுக் காட்டியிருந்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கோடு எங்கே ஞாபகம் இருக்கும்? அதன் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். பெரியவர்கள் மேல் சேவல் பாய்ந்தால் கால்தான் அகப்படும். பிள்ளை உட்கார்ந்தால் முகம் அதன் நெஞ்சு உயரத்தில் இருக்கும். அலறல் கேட்டு ஓடினேன். கை, கவுன், பிஸ்கட், எல்லாம் ரத்தம். கண் மூடியிருந்தது. அந்த மூடின இமைக்குப் பின்னால் கண் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குத் தெருவில் ஓடிய அந்த ஐந்து நிமிடத்தை நான் யாருக்கும் விளக்க முடியாது. வீட்டுக்காரர் அன்றைக்கு நாக்பூரில் இருந்தார். போனில் அவர் குரல் நடுங்கியது.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணுக்குக் கீழே நகம் கிழித்திருந்தது, இரண்டு தையல். தடுப்பூசி அட்டையைக் கேட்டார்கள், ஐந்து வயது ஊசி போட்டிருந்ததால் நல்லதாகப் போயிற்று. பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த அட்டையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள், அந்தப் பதற்றத்தில் நான் பீரோவையே கவிழ்த்தேன். அன்றைய செலவும் அடுத்த இரண்டு முறை போய் வந்ததும் சேர்த்து 3,400 ரூபாய்.

மறுநாள் காலையில் எப்படித் தெரிந்ததோ, ஒருவர் வண்டியில் வந்து வாசலில் நின்றார். "அக்கா, பிள்ளைய அடிச்ச சேவலக் காட்டுங்க" என்றார். பார்த்துவிட்டு, "நல்ல கீரி, கத்திக்காலுக்கு ஆகும், 2,500 தர்றேன்" என்றார். கீரி என்பது சேவலின் நிறத்தை வைத்துச் சொல்கிற பேர். காலில் கத்தியைக் கட்டிச் சண்டைக்கு விடுவதைத்தான் கத்திக்கால் என்பார்கள். கையில் காசில்லாத நேரம். ஆனால் கொடுக்கவில்லை. பிராணிகளைச் சண்டைக்கு விடுவது 1960ஆம் வருடச் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சட்டத்துக்காக மட்டும் மறுத்தேன் என்று சொல்ல மாட்டேன். மஞ்சள் கருவை ஊட்டி வளர்த்ததை இன்னொரு சேவல் வயிற்றைக் கிழிக்கும்படி அனுப்ப மனம் வரவில்லை. தோட்டத்துக்கு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அத்தை சொன்னார். அங்கேயும் பிள்ளை வரும், வயதானவர்கள் குனிவார்கள். அடிக்கிற சேவல் என்று சொல்லிக் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள், சொல்லாமல் கொடுத்தால் அது நம் ஆபத்தை அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது. சந்தையில் விற்பதற்கும் எனக்கு இதே தயக்கம்தான்.

அன்று மத்தியானம் பெரியவர் வந்து முடித்துக் கொடுத்தார். புரட்டாசி என்பதால் அவரே முதலில் தயங்கினார். பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கத்தியை வாங்கினார். கையில் தூக்கியதும் முத்து அடங்கிவிட்டது. சின்ன வயதில் பெட்டிக்குள் தூங்கும்போது எப்படிக் கண்ணைக் கீழிருந்து மேலாக மூடுமோ, அப்படி மூடியது. நான் உள்ளே வந்துவிட்டேன். கறியை அவரையே எடுத்துப் போகச் சொன்னேன். பாப்பாவிடம் ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லலாம் என்றார் அத்தை. நான் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "நான் பிஸ்கட் குடுக்கப் போனதாலயாம்மா?" என்று கேட்டாள். இல்லை, அம்மா கதவைப் பூட்டாததால் என்றேன். அது என் வாயிலிருந்து வர வேண்டிய பதில், வந்தது.

மிச்சம் இருந்த ஆறில் ஐந்தை அடுத்த வியாழனே அய்யலூருக்குக் கொண்டுபோய்க் கிலோ 340க்குக் கொடுத்துவிட்டேன். சந்தைக்குப் போகும்வரை அவற்றைப் பெட்டைகள் கண்ணில் படாதபடி வலை அடித்துத் தனியாக வைத்தேன். வலைக்கும் கம்பத்துக்கும் 2,600 ரூபாய். ஆச்சரியமான விஷயம், பெட்டை கண்ணில் படாத இடத்தில் ஐந்து சேவலும் ஒன்றாகவே கிடந்தன, பெரிதாக அடித்துக்கொள்ளவில்லை. உங்களிடம் அதிகப்படிச் சேவல் இருந்து, உடனே விற்க வழியில்லை என்றால் இதையாவது செய்யுங்கள். செத்த இரண்டு பெட்டையையும் 1,200 என்று வைத்தால், நான் இழந்தது 14,100 ரூபாய். எல்லாம் அந்த 1,350க்காக. பிள்ளை முகத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

ஒரு சேவலை வைத்துக்கொண்டேன். ஆறிலும் சாது எதுவோ அது. பெரியதாக, மினுமினுப்பாக இருப்பதை வைக்கத்தான் கை போகும். குணத்தைப் பாருங்கள் என்று பெரியவர் சொன்னார். இரை கண்டால் தான் தின்னாமல் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிடுகிறதா, நாம் நடந்து போனால் ஒதுங்கி வழி விடுகிறதா, அதுதான் வீட்டுக்கு ஆன சேவல். இதுவும் தை மாதத்தில் ஒருமுறை என்னைப் பார்த்து இறக்கையைத் தாழ்த்தியது. அடிக்கவில்லை, ஓடவும் இல்லை. கையில் இருந்த முறத்தைக் காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அது பார்வையை விலக்கி வேறு பக்கம் கொத்தப் போகும்வரை நகரவில்லை. மறுநாளும் அதே. ராத்திரி அது கூட்டில் அடைந்த பிறகு, இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் சுலபமாகத் தூக்கி, இறக்கையோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தேன். திமிறாமல் அடங்கின பிறகுதான் விட்டேன். ஒரு வாரத்தில் சரியானது. ஆரம்பத்திலேயே பிடித்தால் சில சேவல் திருந்தும் என்று இதை வைத்துச் சொல்கிறேன். ரத்தம் பார்த்த சேவல் திருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்கவும் சொல்ல மாட்டேன்.

பின்கட்டுக் கதவுக்கு இப்போது மேலே தாழ்ப்பாள், பாப்பாவுக்கு எட்டாது. மாசியில் ஒரு கோழியை 11 முட்டையில் அடை வைத்தேன். 21ஆம் நாள் எட்டு பொரிந்தது. எட்டும் தாயோடுதான் திரிகின்றன, ஒன்றைக்கூட உள்ளே எடுக்கவில்லை. பத்து வாரம் ஆகிறது. மூன்றுக்குக் கொண்டை சிவக்க ஆரம்பித்திருக்கிறது. நேற்று ராத்திரி அந்த மூன்றின் காலிலும் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூல் எடுத்துத் தளர்வாகக் கட்டினேன். பாப்பா டார்ச் பிடித்தாள். நாலு மாதம் முடிகிற வியாழக்கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அது ஆடி மாதம், விலை என்ன இருக்கும் என்று நான் விசாரிக்கவில்லை. "இந்த மூணும் சந்தைக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சரி என்று டார்ச்சை அணைத்தாள்.